தில்லையாடி வள்ளியம்மை: சுரங்க மக்களுக்காகச் சிறை புகுந்த செல்வி

நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு முதல் மண்வெட்டு விழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னரே, கடல் கடந்த நேட்டால் நாட்டில் நம் தமிழ் மக்கள் நிலக்கரி வெட்டினர். இங்கே திறந்தவெளிச் சுரங்கம். அங்கேயோ பூமியின் வயிற்றுக்குள் இறங்கி வெட்டும் இருட்டுச் சுரங்கம். 1913-ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் ஓய்ந்து நின்றன. ஓய வைத்தவர்கள் பெண்கள். அப்போரில் உடல் நலிந்து உயிர் துறந்த வள்ளியம்மையின் வரலாற்றைச் சுரங்க நகரில் வாழும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம்.

1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேரை நேட்டாலில் இறக்கியது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், சாதி, ஊர். வட ஆற்காடு, செங்கற்பட்டு, நம் தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களின் ஊர்ப் பெயர்களும், ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெயர்களும் அவ்வேடுகளில் நிறைந்துள்ளன. பண்ணையாரின் களத்தில் நெல்லடித்தும் வயிறு நிறையாதவர்கள், கரும்புத் தோட்டத்திற்கும் கரிச் சுரங்கத்திற்கும் போனார்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர்கள் சுதந்திர மக்களாக அங்கு வாழ்வதை வெள்ளை அரசு விரும்பவில்லை. ஊர் திரும்பு, அன்றி மீண்டும் கூலியாகு, இரண்டுக்கும் உடன்படாவிடில் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி செலுத்து என்று 1895-இல் சட்டம் இயற்றியது. ஒப்பந்தக் கூலியின் தொடக்க மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஆறு மாத உழைப்பு ஒரு தலைவரிக்கு! பெண்ணுக்குக் கூலி பாதி. வரியில் மட்டும் பாதி இல்லை. பின்னர் 1903-இல் பதின்மூன்று வயதுப் பெண்ணும் பதினாறு வயது ஆணும் இவ்வரிக்கு உட்பட்டனர்.

வள்ளியம்மை 1898-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை முனுசாமி முதலியார் சிறு வணிகர், தாய் மங்களத்தம்மாள். தில்லையாடி தாய்வழி ஊர். டிரான்ஸ்வால் பகுதியில் வாழ்ந்த வணிகர் வீட்டுப் பெண்ணாகிய அவர்மீது இத்தலைவரி விழவில்லை. நேட்டாலில் ஒரு கூலியின் மகளாகப் பிறந்திருந்தால், போரில் இறங்கிய வயதிற்குள் இரண்டு மூன்று முறையாவது அவ்வரி அவர் தலையில் ஏறியிருக்கும். தமக்கு இல்லாத சுமைக்காகவே அவர் சிறை சென்றார். அவருடைய பெருமையில் முதலிடம் இதற்குத்தான் தரப்பட வேண்டும்.

1913 மார்ச் 14-இல் கேப் மாநில நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புரைத்தார். கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவும் செய்யப்படாத திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்பது அதன் பயன். தாலி கட்டிய மனைவியர் ஒரே நாளில் மனைவியர் அல்லர் ஆயினர். அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய காந்தியடிகள் இனித் தயங்குவதற்கில்லை என்று முடிவு செய்தார்.

டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டனர்; ஒருவர் நீங்கலாக எல்லாரும் தமிழர். அறுவர் கையில் பால் குடிக்கும் குழந்தைகள். தம்பி நாயுடுவின் துணைவியார் அவர்களுள் ஒருவர். எல்லையில் அரசு அவர்களைக் கைது செய்யாமல் விட்டது. கைதாகாவிட்டால் நியூகாசில் சென்று சுரங்கத் தொழிலாளரிடம் பேசுவது என்பது முன்னரே வகுத்த திட்டம். அவ்வாறே சென்றனர். ஆடவர் மேடையேறிப் பேசினால் கூலிக்காரன் கேட்டுவிட்டுப் போவான். இடுப்பில் குழந்தையுடன் தம் குடியிருப்பு வாயிலில் வந்து நின்று, தம் தாய்மொழியில் மூன்று பவுன் வரியைக் கணக்கிட்டுக் காட்டும் பெண்ணை என்ன சொல்லி அனுப்புவது? அக்டோபர் 16-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு சுரங்கத்தில் மூண்டது அடுத்தடுத்த சுரங்கங்களுக்குப் பரவிற்று. அக்டோபர் 21-இல் அப்பெண்கள் சிறைப்பட்டனர். மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையில் உண்ணத் தகாத உணவும் சலவை வேலையும்.

சுரங்க முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நீரையும் விளக்கையும் நிறுத்தினர். மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினர். நியூகாசிலில் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவரின் சிறு வீடு சத்திரமாயிற்று. அவருடைய மனைவியார் இரவு பகலாக அடுப்படியில் நின்றார். சிறை சென்றவர்க்குத்தான் வரலாற்றில் இடம் என்றால் இவ்வம்மையாரை எங்கே வைப்பது?

நவம்பர் 6-இல் எல்லை கடந்த பெரும் நடையில் 2,037 ஆடவரும், 127 பெண்டிரும், 57 சிறுவரும் இருந்தனர். ஒரு நாள் உணவு ஒன்றரை ராத்தல் ரொட்டி, சிறிது சர்க்கரை. வழியில் இரு தாய்மார் குழந்தைகளைப் பறிகொடுத்தனர். குளிரில் ஒன்று, ஓடையைக் கடக்கையில் கைதவறி ஒன்று. அவர்கள் நடையை நிறுத்தவில்லை. சில நாட்களில் அரசு எல்லாரையும் பிடித்து இரயிலேற்றி, சுரங்க வளாகங்களையே சிறைகளாக அறிவித்து, அங்கேயே அடைத்தது. அதற்குள் வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் பற்றிவிட்டது.

வள்ளியம்மை அந்தப் பதினொருவருள் ஒருவர் என்றே பலர் எழுதுகின்றனர். முதல் பதினொருவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முன்னவர்கள் சிறைப்பட்டார்கள் என்று கேட்ட பின் தாயுடன் புறப்பட்ட இரண்டாவது அணியில் சென்றவர் அவர். சிறை உறுதி என்று தெரிந்தே சென்றாரன்றோ! நேட்டாலில் ஊர் ஊராகச் சென்று வரிக்கு எதிராக மக்களைத் திரட்டிய அவ்வணியினர்க்கு டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. சிறை புகுந்த சில நாட்களிலேயே அவரைக் காய்ச்சல் பற்றியது. முன்கூட்டியே விடுதலை தர அதிகாரிகள் முன்வந்தபோது மறுத்துவிட்டார். விடுதலையாகி வந்தபோது எழ இயலாத நிலை. படுக்கையருகே வந்த காந்தியடிகள், சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று வினவினார். மீண்டும் கைது செய்தால் மீண்டும் செல்வேன் என்றும், சாவு நேரினும் கவலையில்லை என்றும் அவர் விடையிறுத்தார். 1914 பிப்ரவரி 22-இல் மறைந்தார், அகவை பதினாறு.

அவ்வாண்டு ஜூன் இறுதியில் காந்தியடிகளுக்கும் ஸ்மட்சுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டத்தால் தலைவரி ஒழிந்தது. திருமணங்களும் சட்ட ஏற்புப் பெற்றன. ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள் வாக்குரிமை பெற இன்னும் எண்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1915-இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்குச் சென்று வந்தார். 1971-இல் அங்கே நினைவு மண்டபம் எழுந்தது. ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த கல்லறை பின்னர் செப்பனிடப்பட்டது. 1997-இல் வள்ளியம்மைக்கும், 1909-இல் அதே அறப்போரில் உயிரீந்த நாகப்பனுக்கும் எழுப்பிய நினைவுக் கற்கள் திறந்து வைக்கப்பட்டன.