கண்டியின் கடைசி மன்னரும் திருகோணமலைத் துறைமுகமும்

பீஜிங் நகரிலே 1420 இல் கட்டி முடிக்கப்பட்ட சீனப் பேரரண்மனை, 1925 ஆம் ஆண்டு முதல் நூதனசாலையாக இருந்து வருகின்றது. கடைசிச் சக்கரவர்த்தி பூயி வெளியேற்றப்பட்ட மறு ஆண்டே அதன் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இன்று அங்கு செல்பவர்களில் எவரும் அது யாருடைய வீடாக இருந்தது என்பதை அறியாமல் திரும்புவதில்லை. நமது நாட்டிலும் நூதனசாலையாகிவிட்ட ஓர் அரண்மனை உண்டு. தலதா மாளிகைக்கு அருகில் உள்ள கண்டி அரசமனையே அது. திருகோணமலையிலிருந்து ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவாகக் கண்டிக்குச் செல்லும் நம் மாணவர்கள், வாவியைக் கண்டு, மாளிகையை வணங்கி, நேரமிருந்தால் நூதனசாலைக்குள்ளும் புகுந்து வருகின்றனர். அந்த மனையிலிருந்து கடைசியாக ஆட்சி புரிந்தவர் யார் என்று வினவினால், கொடுங்கோலன் என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கின்றது.

கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1780 இல் பிறந்தவர். மதுரையோடு கொண்ட மணத் தொடர்பின் வழியே, 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபைச் சேர்ந்தவர். அம்மரபினர் தமிழ் பேசியவர்கள். ஆயினும் பௌத்தத்தின் காவலர்களாகவே அரசு நடத்தினர். மங்கிப்போயிருந்த பிக்குகளின் உபசம்பதாவை மீட்டெடுக்கக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சீயம் நாட்டிலிருந்து வருவித்த பிக்குகள், 1753 இல் வந்திறங்கியது நமது திருகோணமலையில்தான் என்பதை இவ்வூரவர்களே பலர் அறியார்.

துறைமுகத்துக்கும் அந்த அரண்மனைக்கும் இருந்த உறவு இத்துடன் முடிந்துவிடவில்லை. கண்டி அரசுக்குக் கீழைக் கடலின் வாசலாக விளங்கியது கொட்டியாரக் குடா. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்த கண்டி, கடலற்ற நாடாயிற்று. 1795 இல் திருகோணமலைக் கோட்டையைப் பிரித்தானியர் கைப்பற்றினர். மூன்று ஆண்டுகளின் பின், முதன்மை அதிகாரான பிலிமத்தலாவையின் தயவில், பதினெட்டு வயது இளைஞராகக் கண்ணுசாமி அரியணை ஏறினார். தமது கைப்பாவையாக இருப்பார் என்று அதிகார் கணக்குப் போட்டிருந்தார். அக்கணக்குப் பிழைத்தது.

1803 இல் பிரித்தானியப் படைகள் கொழும்பிலிருந்து ஒன்றும் திருகோணமலையிலிருந்து ஒன்றுமாகக் கண்டியை நோக்கிப் புறப்பட்டன. அவர்கள் கண்டது ஆளரவமற்று, தீயிடப்பட்டிருந்த தலைநகரையே. முன்னைய மன்னரின் மைத்துனரான முத்துசாமியை அவர்கள் அரசராக்கினர். அவருடன் செய்த உடன்படிக்கையில், கொழும்பையும் திருகோணமலையையும் கண்டி நாட்டினூடாக இணைக்கும் சாலைக்கு நிலம் கேட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. அவர்கள் கண்ணெல்லாம் இத்துறைமுகத்தின் மீதே இருந்தது.

காய்ச்சல் அப்படையை அரித்தது. ஜூன் மாதத்தில் கண்டியர் திரும்பத் தாக்கியபோது மேஜர் டேவி சரணடைந்து, முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்குச் செல்லும் வழியில் புறப்பட்டார். வட்டப்புளுவையில் மகாவலி கங்கை பெருக்கெடுத்து ஓடியது, கடக்க முடியவில்லை. முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் களைந்த வீரர்களும் வெட்டி வீழ்த்தப்பட்டனர். டேவி சிறையிலேயே மாண்டார். அன்று அவர்களைத் தடுத்து நிறுத்திய அதே ஆறுதான் மூதூர்ப் பக்கம் வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கின்றது.

மன்னரின் பிற்கால ஆட்சியை நாம் வெள்ளையடிக்க விரும்பவில்லை. 1812 இல் நிறைவுற்ற கண்டி வாவியும், எண்கோண மண்டபமும், மேகச் சுவரும் இன்று நம் கண்ணுக்கு விருந்து. வாவியை வெட்டியதோ குடிகளின் கட்டாய உழைப்பு. சதி செய்த பிலிமத்தலாவைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1814 இல் கிளர்ந்து பிரித்தானியரிடம் ஓடிய எகலப்பொலையின் மனைவியையும் குழந்தைகளையும் கொல்வித்தமை எவ்வகையிலும் மன்னிக்கத்தக்கதன்று. ஆனால், அக்கொடுமைகளை உலகுக்கு ஓயாது எடுத்துரைத்தவர்கள் அவரது நாட்டைப் பறிக்கக் காத்திருந்தவர்களே என்பதையும் சேர்த்தே நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

1815 பெப்ரவரி 18 இல் மெதமகாநுவரைப் பகுதியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2 இல், செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தூண்கள் நிற்கும் அரசவை மண்டபத்தில் ஆளுநர் பிரவுன்றிக்கும் பிரதானிகளும் உடன்படிக்கை செய்து நாட்டை ஆங்கில முடிக்கு உரிமையாக்கினர். நாயக்கரை அகற்றிவிட்டால் போதும் என்று எண்ணிய அப்பிரதானிகளின் மகிழ்ச்சி மூன்று ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1817 இல் ஊவாவில் வெடித்த கிளர்ச்சிக்குத் தலைமை தாங்க முன்வந்தவர், தம்மைத் துரைசாமி என்னும் நாயக்கர் குல இளவரசர் என்று கூறிக்கொண்டவர். சிங்கள மக்கள் அப்பெயரின் பின்னே அணிதிரண்டனர். இனத்தை வைத்து இம்மன்னரை ஏற்றிப் பேசுபவரும் தூற்றிப் பேசுபவரும் இந்த உண்மையை வசதியாக மறந்துவிடுகின்றனர். எகலப்பொலையோ, தாம் வரவேற்ற பிரித்தானியராலேயே மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு 1829 இல் அங்கேயே இறந்தார்.

மன்னரும் குடும்பத்தாரும் 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு பதினாறு ஆண்டுகள் காவலில் கழிந்தன. 1832 ஜனவரி 30 இல் அவர் காலமானார். ஒல்லாந்த ஆளுநர் 1693 இல் கண்டி அரசருக்கு அளித்த சிம்மாசனம் ஆங்கிலேயர் கைப்பட்டு இங்கிலாந்து சென்று, 1934 இல் இலங்கைக்குத் திரும்பியது. கொழும்பு தேசிய நூதனசாலையில் அதனை எவரும் காணலாம். அதில் கடைசியாக அமர்ந்தவர் திரும்பவில்லை. பாலாற்றின் அருகே அவரது சமாதி இருக்கின்றது. தமிழக அரசு 1990 இல் அதன் மேல் முத்து மண்டபம் எழுப்பியது.