இல்லத்தார் அனைவர்க்கும் மருத்துவம்: அனைரின் பெவன்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப் பள்ளத்தாக்குகளுள் ஒன்றில் அமைந்த ஊர் டிரெடீகர். அங்கு 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அனைரின் பெவன் பிறந்தார். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி, தாய் ஃபீபி. அவர்களுக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளுள் அனைரினும் ஒருவர். உடன்பிறந்தோருள் சிலர் குழவிப் பருவத்திலேயே இறந்துபட்டனர். அக்காலச் சுரங்க ஊர்களில் அஃது ஒரு வியப்பான செய்தியன்று.

பள்ளிக்கல்வி அனைரினுக்கு இனிக்கவில்லை. திக்குவாய் அவரைத் துன்புறுத்தியது. பதின்மூன்றாம் அகவையில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். ஆயினும், தொழிலாளர் தம் ஊதியத்தில் சிறு பகுதியைச் சேர்த்து நடத்திய நூலகம் அவருக்கு மற்றொரு பள்ளியாயிற்று. மலைச்சரிவுகளில் தனியே நடந்து, பாடல்களை உரக்கச் சொல்லிச் சொல்லித் தம் நாவைப் பழக்கினார். திக்கும் சொல்லைத் தவிர்க்க வேறொரு சொல்லைத் தேடித் தேடியே அவர்தம் சொல்வளம் பெருகியது என்பர். பிற்காலத்தில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராக அவர் விளங்கினார்.

சட்டத்தில் விடுபட்டோர்

அனைரின் சுரங்கத்தில் இறங்கிய காலத்தை ஒட்டி, 1911ஆம் ஆண்டில், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளி வாரந்தோறும் நான்கு பென்னி செலுத்துவார். முதலாளி மூன்று பென்னியும் அரசு இரண்டு பென்னியும் சேர்க்கும். நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவரின் பண்டுவம் கிடைக்கும். படுக்கையில் கிடக்கும் காலத்தில், ஆடவர்க்கு வாரம் பத்து ஷில்லிங் வீதம் இருபத்தாறு வாரங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. ஏழைகளின் வாழ்வில் அரசு முதன்முறையாக இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்றது பாராட்டத்தக்கதே.

எனினும், அச்சட்டத்தில் ஒரு பெரும் இடைவெளி இருந்தது. காப்பீடு பெற்றவர் உழைப்பவர் மட்டுமே. அவருடைய மனைவியும் மக்களும் மருத்துவரிடம் செல்ல வேண்டுமாயின் காசு கொடுத்தே செல்ல வேண்டும். மகப்பேற்றின்போது முப்பது ஷில்லிங் வழங்கப்பட்டதைத் தவிர, தொழிலாளியின் மனைவிக்கு அச்சட்டத்தால் வேறு மருத்துவ உரிமை இல்லை எனலாம். மணமாவதற்கு முன் வேலை செய்து காப்பீடு பெற்றிருந்த பெண், மணமானபின் வேலையை விட்டால் அந்த உரிமையையும் இழந்தாள். காசநோய் நீங்கலாகப் பிற நோய்களுக்கான மருத்துவமனைச் செலவு தொழிலாளிக்கே கிட்டவில்லை. இதன் விளைவு வீட்டுக்குள் தெரிந்தது. கணவர் நலமாக இருந்தால்தான் ஊதியம் வரும்; குழந்தை அழுதால் பொறுக்க இயலாது; ஆகவே, தன் நோயைத் தாய் மறைத்தாள். ஆண்டுக்கணக்கில் மறைத்தாள்.

டிரெடீகர் மருத்துவ உதவிச் சங்கம்

நாட்டின் சட்டம் செய்யத் தவறியதை டிரெடீகர் ஊரார் தாமே செய்துகொண்டிருந்தனர். 1890ஆம் ஆண்டளவில் அங்குத் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று தோன்றியது. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் பணியாற்றியோர் தம் ஊதியத்தில் ஒரு பவுனுக்கு மூன்று பென்னி வீதம் அதற்குச் செலுத்தினர். அக்காலத்தில் ஒரு பவுன் என்பது 240 பென்னி. எனவே, ஊதியத்தில் எண்பதில் ஒரு பங்கே அவர்கள் கொடுத்தது. மிகுதியாக ஈட்டியவர் மிகுதியாகவும் குறைவாக ஈட்டியவர் குறைவாகவும் கொடுத்தனர். ஆனால், பெற்ற மருத்துவம் அனைவர்க்கும் ஒன்றே. அதனினும் சிறப்பானது, சங்கம் உறுப்பினரை மட்டும் கணக்கிடாமல், அவரைச் சார்ந்து வாழ்ந்த மனைவி மக்களையும் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதாகும். மருத்துவர்களைச் சங்கமே ஊதியம் கொடுத்து அமர்த்தியது. செவிலியர், பல் மருத்துவர் ஆகியோரின் பணியும் மருத்துவமனையும் ஊராருக்குக் கிட்டின. பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஏ. ஜே. குரோனின் 1920களின் தொடக்கத்தில் இச்சங்கத்தில் மருத்துவராகப் பணியாற்றியவரே.

இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் ஈராண்டு பயின்று 1921இல் ஊர் திரும்பிய பெவனுக்கு நெடுநாள் வேலை கிட்டவில்லை. 1925ஆம் ஆண்டு தந்தை டேவிட் காலமானார். பல்லாண்டுகள் மூச்சில் கலந்த நிலக்கரித் தூசியே அவர் நுரையீரலை அழித்தது. ஆனால், அந்நோய் அன்று இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் இல்லை. ஆகவே, குடும்பத்திற்கு இழப்பீடு ஏதும் வரவில்லை. பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெவன் ஏட்டில் படித்து அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் உள்ளூர் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றினார். கணக்கும் நிருவாகமும் கற்றார். 1929ஆம் ஆண்டு எப்வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். இறக்கும்வரை அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1934இல் நாடாளுமன்றப் பணியில் தம்மைப் போலவே ஈடுபட்ட ஜென்னி லீ அம்மையாரை மணந்தார்.

அக்காலத்தில் அவர் கடுமையாக எதிர்த்தவற்றுள் ஒன்று, 1931இல் வந்த குடும்ப வருமானச் சோதனை. வேலையிழந்த தந்தைக்கு உதவித்தொகை கொடுக்குமுன், உடன்வாழும் மகனும் மகளும் ஈட்டும் பணத்தை அதிகாரிகள் கணக்கிட்டுக் கழித்தனர். இதிலுள்ள முரண் கருதத்தக்கது. மருத்துவம் தர வேண்டிய இடத்தில், தொழிலாளி குடும்பமற்ற தனியாளாகப் பார்க்கப்பட்டார்; உதவியைக் குறைக்க வேண்டிய இடத்திலோ, அதே அரசுக்கு அவருடைய குடும்பம் முழுவதும் கண்ணில் பட்டது.

அமைச்சர்

இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945இல் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றது. தலைமையமைச்சர் அட்லி, நலவாழ்வுத் துறையைப் பெவனிடம் ஒப்படைத்தார். வீட்டுவசதியும் அத்துறையையே சார்ந்திருந்தது. அமைச்சரவையில் வயதில் இளையவர் அவரே.

அனைவர்க்கும் மருத்துவம் வேண்டும் என்பதை 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை முன்னமே வலியுறுத்தியிருந்தது. எவ்வழியில் என்பதே வினா. பழைய காப்பீட்டையே விரித்து, உழைப்பவர் வழியாக அவருடைய மனைவி மக்களைச் சேர்த்துவிடலாம். எளிய வழிதான், ஆனால், அவ்வுரிமை இரவல் உரிமை. உழைப்பவர் வேலையிழந்தால், இறந்தால், குடும்பத்தை விட்டுப் பிரிந்தால், அவரைப் பற்றி நின்றவர்களின் நிலை என்னாகும்? முதிய பெற்றோரும் மணமாகாத உடன்பிறந்தாளும் குடும்பத்தில் அடங்குவரா? இத்தகைய வினாக்களுக்கு விதிகள் எழுத எழுத, விடுபடுவோரும் பெருகுவர். பெவன் இதனை வேரோடு மாற்றினார். நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே மருத்துவ உரிமை. சந்தா கட்டியதற்கான சான்று எதுவும் தேவையில்லை. செலவில் பெரும்பகுதி பொதுவரியிலிருந்து வரும். மனைவி தன் உரிமையாலேயே மருத்துவரைத் தெரிவு செய்யலாம். பிறந்த குழந்தையும் அவ்வாறே பட்டியலில் இடம்பெறும். பவுனுக்கு மூன்று பென்னி என்னும் டிரெடீகர் முறையில், உள்ளவர் மிகுதியாகக் கொடுப்பதும் அனைவரும் ஒன்றாகப் பெறுவதும் என்னும் இரண்டையும் கொண்டு, உறுப்பினர் என்னும் வேலியை மட்டும் அவர் நீக்கினார் எனலாம்.

தேசிய நலவாழ்வுப் பணிச் சட்டம் 1946 நவம்பரில் நிறைவேறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அரசின் பொறுப்பில் வரவிருந்தன. நகராட்சிகளிடமிருந்து மருத்துவமனைகளை எடுப்பதை அமைச்சரவைக்குள்ளேயே ஹெர்பர்ட் மாரிசன் எதிர்த்தார். வெளியில் மருத்துவர் சங்கம் எதிர்த்தது. அரசின் ஊதியம் பெறும் ஊழியராகத் தாம் ஆக்கப்படுவோம் என்று மருத்துவர்கள் அஞ்சினர். 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது மருத்துவர் இத்திட்டத்தை ஏற்க மறுத்தனர். தொடங்கும் நாளுக்கு எஞ்சியிருந்தவையோ ஐந்தே திங்கள்.

பெவன் சினம் மிக்கவர். எதிரிகளைச் சொல்லால் சுடுபவர். ஆயினும், இவ்விடத்தில் அவர் விட்டுக்கொடுக்கவும் அறிந்திருந்தார். அரசு மருத்துவமனையிலேயே கட்டணம் செலுத்தும் நோயாளிகளையும் பார்க்கச் சிறப்பு மருத்துவர்களுக்கு இசைவளித்தார். பொது மருத்துவர்களுக்கு முழு ஊதிய முறையைத் திணிப்பதில்லை என்று சட்டத்தின் வழியே உறுதி கூறினார். இவ்விட்டுக்கொடுப்பைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆயினும், மருத்துவரின்றி மருத்துவத் திட்டம் ஏது? எதிர்ப்புத் தளர்ந்தது.

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் திட்டம் தொடங்கிற்று. அன்று பெவன் மான்செஸ்டர் அருகிலுள்ள பார்க் மருத்துவமனைக்குச் சென்றார். சில திங்களுக்குள் மக்களுள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவரிடம் பதிந்துகொண்டனர். மருத்துவர்கள் கண்ட காட்சிகள் அவர்களையே திகைக்கச் செய்தன. கருப்பை இறங்கிய நிலையிலேயே பல்லாண்டுகள் வீட்டுவேலை செய்துவந்த தாய்மார் வந்தனர். கடையில் கிடைத்த மலிவான கண்ணாடியை அணிந்து கண்களைக் கெடுத்துக்கொண்ட முதியோர் வந்தனர். முதல் ஆண்டில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. ஒதுக்கிய தொகை போதவில்லை. செலவு கட்டுமீறியது என்று எதிர்க்கட்சியினர் இடித்துரைத்தனர். அச்செலவு புதிதாகப் பிறந்தது அன்று. அதுகாறும் வீடுகளுக்குள் வலியாக மறைந்து கிடந்ததே.

1949இல் மருந்துச் சீட்டுக்குச் சிறு கட்டணம் விதிக்க இடந்தரும் சட்டத்திருத்தத்திற்குப் பெவன் மனமின்றி உடன்பட்டார். தாம் அமைச்சராக இருந்தவரை அது நடைமுறைக்கு வராமலும் பார்த்துக்கொண்டார். ஆனால், 1951இல் கொரியப் போரை ஒட்டிய படைக்கலச் செலவுக்காகச் செயற்கைப் பல்லுக்கும் கண்ணாடிக்கும் நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல் கட்டணம் விதித்தபோது, அமைச்சர் பதவியைத் துறந்தார். அதன்பின் அவர் எந்த அமைச்சரவையிலும் இடம்பெறவில்லை.

1960ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் புற்றுநோயால் அவர் காலமானார். தாம் தொடங்கிய திட்டத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவுற்றதன் மறுநாள் அது. டிரெடீகருக்கு அருகில், அவர் தம் தொகுதி மக்களைக் கூட்டிப் பேசிய மலைமேட்டில் நான்கு சுண்ணாம்புப் பாறைகள் நடப்பட்டுள்ளன. நடுவிலுள்ள பெரும்பாறை பெவனைக் குறிப்பது. சுற்றியுள்ள மூன்றும் அவர் தொகுதிக்குட்பட்ட எப்வேல், ரிம்னி, டிரெடீகர் என்னும் மூன்று ஊர்களின் திசையை நோக்கி நிற்கின்றன.