வெறிநாய்க்கடியை வென்ற லூயி பாஸ்டர்

பாஸ்டர் என்றதும் நம்மில் பலருக்குப் பால்தான் நினைவுக்கு வரும். அறிவியல் பாடத்தில் அப்படித்தான் படித்திருக்கிறோம். உண்மையில் அவர் 1860களில் இளஞ்சூடாக்கிக் கெடாமல் காத்தது திராட்சை மதுவை. அம்முறையைப் பாலுக்குக் கொண்டு சென்றவர்கள் பின்னால் வந்தவர்கள். அது நல்ல செய்திதான், ஆனால் நாம் இங்கே எழுத எண்ணியது அதுவன்று. 62 வயதில், ஒரு கையும் ஒரு காலும் சரிவர இயங்காத நிலையில், அவர் வெறிநாய்க்கடியோடு போராடிய கதையையே நம் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், பிரான்சு நாட்டின் ழூரா மலைப்பகுதியில் டோல் என்னும் ஊரில் லூயி பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் படையில் சிப்பாயாக இருந்தவர். பின்னர் குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. பள்ளியில் லூயி ஒன்றும் சுடர்விடும் மாணவர் அல்லர். ஆனால் அழகாகப் படம் வரைவார். தாயையும் தந்தையையும் அக்கம்பக்கத்தாரையும் அவர் வண்ணக்கோலால் தீட்டிய படங்கள் இன்றும் உள்ளன.

1831இல், அவருக்கு எட்டு வயது நடக்கும்போது, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அப்பகுதியில் புகுந்து பலரைக் கடித்தது. அக்காலத்தில் அதற்கு இருந்த சிகிச்சை ஒன்றே ஒன்றுதான். கடிபட்டவரைக் கொல்லன் பட்டறைக்கு இழுத்துச் சென்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் புண்ணில் வைப்பார்கள். அப்படிச் சுட்டும் பலர் இறந்தனர். அந்தக் காட்சியும் அலறலும் சிறுவன் லூயியின் நெஞ்சில் தங்கிவிட்டன.

அவருடைய இளமைக் கல்வியையும் படிக ஆராய்ச்சியையும் விரிவாக எழுத இம்மலரில் இடமில்லை. 1849இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மரீ லோரான் என்னும் மங்கையை மணந்தார். இந்த அம்மையாரைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகச் சுருக்கமாகவே சொல்கின்றன என்பதில் எங்களுக்குக் குறை உண்டு. மாலைதோறும் கணவர் சொல்லச் சொல்லக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஐந்து குழந்தைகளில் மூன்று பெண்களைச் சிறு வயதிலேயே இழந்தது இக்குடும்பம். மூத்தவள் ழான் ஒன்பது வயதில் டைஃபாய்டு காய்ச்சலால் இறந்தாள். செசில் பன்னிரண்டு வயதில் அதே நோய்க்குப் பலியானாள். கமீல் இரண்டு வயதில் மறைந்தாள். நோய்க்கிருமிகளைப் பற்றி அவர் பேசியபோது அது வெறும் ஏட்டறிவாக மட்டும் இருந்திருக்காது.

1868 அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. இடக்கையும் இடக்காலும் செயலற்றன. வயது 45. பிழைப்பாரா என்று பலரும் ஐயுற்ற வேளையில், ஒரு வாரத்துக்குள் படுக்கையில் இருந்தபடியே பட்டுப்புழு நோய் பற்றிய குறிப்பு ஒன்றைச் சொல்லி எழுத வைத்தார்! இனி நாம் சொல்லப்போகும் பணிகள் எல்லாம் இதற்குப் பிறகு நடந்தவை.

1796இல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற மருத்துவர், மாட்டம்மைப் பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டியிருந்தார். ஆனால் எல்லா நோய்க்கும் இப்படி ஒரு சாதுவான தங்கை நோய் இயற்கையில் கிடைப்பதில்லை. கொடிய கிருமியையே வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்க முடியுமா? 1879இலும் 1880இலும் கோழிக் காலராவில் பாஸ்டருக்கு விடை கிடைத்தது. நெடுநாள் கிடந்து பழசாகிப்போன கிருமியைச் செலுத்திய கோழிகள் சற்றே சோர்ந்து பின் தேறின. பிறகு புதுக் கிருமியைச் செலுத்தியபோதும் அவை சாகவில்லை. வலுவிழந்த பகைவனோடு போரிட்டுப் பழகிய உடல், வலுத்த பகைவனை அடையாளம் கண்டு எதிர்க்கிறது. அந்தக் காப்பாற்றலையே நோய் எதிர்ப்பு என்கிறோம். 1881இல் ஆடுமாடுகளின் அடைப்பான் நோய்க்கும் தடுப்பு மருந்து காட்டி அவர் பெரும்புகழ் பெற்றார்.

வெறிநோயோ எல்லாவற்றிலும் கடினமானது. அதன் கிருமி நுண்நோக்காடியில் தெரியவில்லை, குடுவையில் வளரவும் இல்லை. இன்று நாம் வைரஸ் என்று சொல்லும் அந்த நுண்பொருளை அக்காலக் கருவிகளால் காண இயலாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி வலுவிழக்கச் செய்வது? நோய் மூளையையும் தண்டுவடத்தையும் பற்றுகிறது என்பதால், பாஸ்டரும் இளம் துணைவர் எமீல் ரூவும் அதை முயலின் உடலிலேயே வளர்த்தனர். இறந்த முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் கட்டித் தொங்கவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் காரத்தை அடியில் வைத்து உலர்த்தினர். நாள் ஆக ஆக நஞ்சின் வலு குறைந்தது. இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. விலங்குகளைத் துன்புறுத்த அஞ்சியவர் பாஸ்டர். நாயின் மண்டையோட்டில் துளையிடும் சோதனையை ரூ முதன்முதல் செய்தபோது அவர் அருகில் இல்லை. மறுநாள் அந்த நாய் துள்ளி ஓடுவதைக் கண்டபின்தான் அவர் மனம் ஆறியது.

நாய் கடித்தவுடன் நோய் தோன்றுவதில்லை. நஞ்சு நரம்பு வழியே மெல்ல ஏறி மூளையை அடைய வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் உடலுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்துவிட்டால்? கடிபட்ட பின்னும் தடுக்கலாம் அல்லவா? பாஸ்டரின் எண்ணம் இதுவே.

1885 ஜூலை 4ஆம் நாள் காலை, அல்சாசு நாட்டுப்புறத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மைஸ்டரை வெறிநாய் கடித்துக் குதறியது. உடலில் 14 காயங்கள். கொத்தனார் ஒருவர் இரும்புத் தடியால் நாயை விரட்டினார். தாய் மகனை அழைத்துக்கொண்டு ஜூலை 6இல் பாரிசுக்கு வந்து பாஸ்டர் முன் நின்றாள். பாஸ்டர் மருத்துவர் அல்லர், ஊசி போடும் உரிமை அவருக்கு இல்லை. வுல்பியான், கிராஞ்சே என்ற இரு மருத்துவர்களைக் கலந்தார். சிறுவனுக்குச் சாவு ஏறத்தாழ உறுதி என்று அவர்கள் கருதினர். அன்று மாலையே கிராஞ்சே முதல் ஊசியைப் போட்டார். நன்கு உலர்ந்த, வலுவற்ற மருந்தில் தொடங்கி, ஏறக்குறைய 10 நாட்களில் 13 ஊசிகள். கடைசி ஊசியில் இருந்தது அன்றலர்ந்த கொடிய நஞ்சு.

சிறுவனுக்கு இது எதுவும் தெரியாது. ஆய்வுக்கூடத்துக் கோழிகள், முயல்கள், சீமைப் பெருச்சாளிகளோடு விளையாடினான். தனக்குப் பிடித்தவற்றைக் கொல்ல வேண்டாம் என்று பாஸ்டரிடம் கெஞ்சி வரமும் பெற்றான். அவன் நிம்மதியாக உறங்க, பாஸ்டர் இரவெல்லாம் விழித்திருந்தார். மைஸ்டர் பிழைத்தான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் 1970களில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. மைஸ்டருக்குக் கொடுத்த அதே முறையை நாய்களில் முழுமையாகச் சோதித்து முடிக்கும் முன்னரே அவர் துணிந்துவிட்டார் என்பது அவற்றால் தெரிகிறது. நோய் முற்றிய நிலையில் வந்த சிறுமி ஒருத்திக்கு ஜூன் மாதமே ஊசி போடப்பட்டு, அவள் இறந்ததும் தெரிகிறது. ரூ, மைஸ்டரின் சிகிச்சையில் சேராமல் ஒதுங்கி நின்றார். வெறிநாய் கடித்த எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை என்பதால், மைஸ்டர் ஊசி இல்லாமலும் பிழைத்திருக்கலாம் என்று அன்றே வாதிட்டவர்கள் உண்டு. இவற்றையெல்லாம் படித்தபின் எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. சாகப்போகும் பிள்ளை என்று கருதிய தாயின் முன்னே நின்றவர், சோதனை முடியட்டும் என்று சொல்லியிருக்க வேண்டுமா? எங்களில் இருவர் ஆம் என்றனர், மற்றவர்கள் இல்லை என்றோம்.

அக்டோபரில் ழூராவைச் சேர்ந்த ழுப்பீல் என்ற இளம் மேய்ப்பன் வந்தான். ஆறு சிறுவர்களைக் காப்பாற்ற வெறிநாயோடு கட்டிப் புரண்டு கடிபட்டவன். அவனும் பிழைத்தான். நாடெங்கும் செய்தி பரவியது.

நவம்பர் 9ஆம் நாள் லூயீசு பெல்த்தியே என்ற பத்து வயதுச் சிறுமியை அழைத்து வந்தார்கள். தலையில் பெரிய கடி. கடிபட்டு 37 நாட்கள் ஆகியிருந்தன. இனி ஊசி போட்டும் பயனில்லை என்பது பாஸ்டருக்குத் தெரியும். குழந்தை இறந்தால் ஊசிதான் கொன்றது என்று பகைவர்கள் பறைசாற்றுவார்கள். அஞ்சிப்போன மக்கள் சிகிச்சைக்கு வராமலே நின்றுவிடுவார்கள். பலரைக் காக்கவேண்டி இந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பியிருந்தால், அறிவுடையோர் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். பெற்றோரின் முகத்தைப் பார்த்தபின் அவரால் அப்படிச் செய்ய இயலவில்லை. ஊசி போடச் செய்தார்.

சிகிச்சை முடிந்து சில நாட்களில் நோய் வெளிப்பட்டது. மூச்சுத் திணறல், தண்ணீரைக் கண்டால் நடுக்கம். பாஸ்டர் அவள் வீட்டுக்கு விரைந்தார். நாள் முழுதும் அக்குழந்தையின் படுக்கை அருகே அமர்ந்திருந்தார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, போக வேண்டாம் என்று மூச்சு வாங்கியபடியே கேட்டுக்கொண்டாள். அவரும் போகவில்லை. கொடுக்க மருந்து எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அவள் இறந்தாள். பெற்றோரிடம் தம் வருத்தத்தைச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கியபோது, அந்த முதியவர் வாய்விட்டு அழுதார். தம் மூன்று பெண்களை அவர் அன்று நினைத்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

லூயீசின் தந்தை அவர்மேல் பழி சொல்லவில்லை. முன்பின் தெரியாத தம் மகளுக்காகத் தம் புகழையே பணயம் வைத்தவர் பாஸ்டர் என்று பின்னாளில் அவர் கடிதம் எழுதினார்.

பகைவர்கள் எதிர்பார்த்தபடியே கூச்சலிட்டனர். ஆனால் நோயாளிகள் நிற்கவில்லை. 1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து, வெறி ஓநாய் கடித்த 19 பேர் வந்தனர். அவர்களில் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினர். மக்கள் அளித்த நன்கொடையால் பாரிசில் பாஸ்டர் நிலையம் எழுந்து, 1888 நவம்பர் 14இல் திறக்கப்பட்டது. அன்று தம் உரையைத் தாமே வாசிக்க இயலாமல் உணர்ச்சி மேலிட்டதால், அவர் மகன் வாசித்தார்.

நம் தமிழ்நாட்டுக்கும் இக்கதையில் பங்கு உண்டு. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்ததை அடுத்து, தென்னிந்தியாவுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி வலுத்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் நடுங்கியபடி சொல்வார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது செல் வளர்ப்பில் உருவாக்கிய மருந்தைக் கையிலே சில ஊசிகளாகப் போடுகிறார்கள். காயம் ஆழமானால், உடல் தானே எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் வரை காத்திருக்க முடியாது. அதனால் ஆயத்தமான எதிர்ப்புப் பொருளைக் காயத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். லூயீசுக்கு அது கிடைத்திருக்கவில்லை. கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதையும் தோழியர் வீட்டில் சொல்லி வையுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பக்கூடாது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றும் மருந்து இன்றளவும் இல்லை.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28ஆம் நாள் இறந்தார். ஒரு கை மனைவியின் கையிலும் மறு கை பாடுபட்ட சுரூபத்தைப் பற்றியபடியும் இருந்ததாக அவர் மருமகன் எழுதிய வரலாற்றில் காண்கிறோம். அவர் உடல் பாரிசில் அவர் பெயர் தாங்கிய நிலையத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்த நிலையத்தின் வாயில் காப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், 1940இல் 64 வயதில் இறந்த யோசேப் மைஸ்டர்.