கற்களைப் பேச வைத்த புரூஸ் ஃபூட்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஏற்காட்டிற்குச் சுற்றுலா சென்று வராத மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். ஏரியில் படகில் செல்கிறோம்; லேடீஸ் சீட்டில் நின்று சேலம் நகரின் விளக்குகளைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தில், நம் நாட்டின் வரலாற்றைப் பல இலட்சம் ஆண்டுகள் பின்னோக்கி நகர்த்திய ஒருவரின் சாம்பல் அடங்கியுள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

பிறப்பும் பணியும்

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செல்டனம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-இல், தம் இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலப்பொதியியல் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்ந்து வரைபடம் தீட்டுவதே அவருக்கு அரசு இட்ட பணி. வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களின் நில அமைப்பை ஆராய்ந்தார். அவ்வறிக்கை 1864-இல் வெளிவந்தது.

அக்காலத்தில் நம் நாட்டின் பழமை ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமே உள்ளது என்று கற்றோர் எண்ணியிருந்தனர். பிரான்சு நாட்டில் ஆற்றுச் சரளைப் படிவுகளில் மனிதன் செய்த கல் ஆயுதங்கள் கிடைத்ததை 1859-இல் அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி ஃபூட்டின் காதுக்கும் எட்டியது. இங்கும் அவை ஏன் இருக்கக் கூடாது என்று அவர் எண்ணினார்.

பல்லாவரத்துக் கல்

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டப்பட்ட ஒரு குழியில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல்லாயுதம் ஒன்றை ஃபூட் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கிங்குடன் அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அந்த அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்று ஃபூட்டிடம் காலத்தை அளக்கும் அறிவியல் முறை எதுவும் இல்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையுமே அவருடைய கருவிகள்.

33 ஆண்டுகள் பணியாற்றி 1891-இல் ஓய்வு பெற்றபின், பரோடா அரசுக்காகவும் நில ஆய்வு செய்தார். தம் வாழ்நாளில் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் தொல்பொருள்களைச் சேகரித்தார்.

சேர்வராயன் மலையில்

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தவர் ஃபூட். ஓய்வுக்காலத்தில் அவர் தம் இல்லமாகக் கொண்டது ஏற்காடே. அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. மலைவாழ் மக்கள் நிலத்தில் கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளைச் சிறு கோயில்களில் வைத்து வணங்கி வந்ததை அவர் குறித்துள்ளார். ஸ்காட்ஃபோர்த் தோட்டத்தில் கிடைத்த சுடுமண் பெண் உருவங்களை இரும்புக் காலத்தவை எனக் கருதி, அவற்றின் கூந்தல் சுருள் சுருளாக ஒப்பனை செய்யப்பட்டிருப்பதையும் எழுதி வைத்தார். சிறிய உடைந்த பொம்மைதானே என்று அவர் தள்ளிவிடவில்லை.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை

கடல் கடந்து நைஜீரியா நாட்டிலும் இதை ஒத்த செய்திகளைக் காண்கிறோம். அங்குள்ள யொரூபா மக்கள், நிலத்தில் கிடைக்கும் பழங்கற்கோடரிகளை இடிக் கடவுளாகிய சாங்கோ எறிந்த கற்கள் என நம்பிக் கோயில்களில் வைத்துப் போற்றினர். நாட்டின் நடுப்பகுதியில் நோக் என்னும் சிற்றூரில், 1928-இல் வெள்ளீயச் சுரங்கத்தில் சுடுமண் உருவங்கள் முதலில் வெளிப்பட்டன. 1943 அளவில் கிடைத்த ஒரு சுடுமண் தலை, கிழங்குத் தோட்டத்தில் பறவை விரட்டும் பொம்மையாக நின்றதாம்! பெர்னார்டு ஃபேக் என்னும் அதிகாரி அதன் அருமையை உணர்ந்து, பிற உருவங்களையும் தேடித் தொகுத்தார். விதவிதமான கூந்தல் ஒப்பனையுடன் கூடிய அவ்வுருவங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றைச் செய்த மக்கள் இரும்பு உருக்கவும் அறிந்திருந்தனர்.

யொரூபாக்களின் புனித நகரான இஃபேயின் அழகிய தலைச்சிற்பங்களை 1910-இல் கண்ட ஜெர்மானிய அறிஞர் ஃப்ரோபீனியஸ், அவை ஆப்பிரிக்கர் கைவண்ணமாக இருக்க முடியாது, கிரேக்கத் தொடர்பால் வந்தவை என்று கருதினார். அது பிழை எனப் பின்னர் தெளிவாயிற்று. மண்ணுக்குரிய மக்களின் பெருமையை மண்ணே காத்து வைத்திருந்தது.

ஆயினும் நோக் உருவங்களில் மிகப் பல, பிற்காலத்தில் கள்ளத்தனமாகத் தோண்டப்பட்டு வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டன. எந்த ஊரில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்று தெரியாத சிற்பம் அழகாக இருக்கலாம். ஆனால் அது ஊமை.

ஃபூட்டின் அருஞ்செயல்

இங்கேதான் ஃபூட்டின் பெருமை விளங்குகிறது. அவரைவிட ஆழமாகத் தோண்டியவர்கள் பின்னர் வந்தனர். அவருடைய முடிவுகள் சில திருத்தப்பட்டும் உள்ளன. ஆனால் ஓட்டாஞ்சில்லாயினும் கல்லாயினும் அது கிடைத்த ஊரோடு சேர்த்து அவர் பதிவு செய்தார். அத்தொகுப்பு 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு வந்தது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். அவர் எழுதிய பட்டியல் 1914-லும், விளக்கக் குறிப்புகள் 1916-லும் வெளிவந்தன. இன்றும் ஓர் ஆய்வாளர் அப்பட்டியலைக் கையில் ஏந்தி அவ்வூர்களுக்குச் செல்ல முடியும்.

நம் கடமை

நம் கொங்கு மண்ணும் இத்தகைய செல்வம் நிறைந்ததே. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும் மணிகள் செய்த தொழிற்கூடங்களையும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்பர் அறிஞர். ஆனால் எத்தனையோ ஊர்களில், பாண்டு குழி என்று மக்கள் சொல்லும் கல்வட்டங்கள் வேலிக்கல்லாகவும் சல்லியாகவும் மாறி மறைகின்றன. தாழிகள் டிராக்டர் கலப்பையில் நொறுங்குகின்றன. புதையல் இருக்கும் என்று தோண்டி, ஒன்றும் இல்லை எனக் கண்டு உடைத்து எறிவோரும் உண்டு. உடைந்தது வெறும் பானையன்று. பாட்டனுக்குப் பாட்டன் விட்டுச் சென்ற கடிதம்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்வோம். நம் தோட்டத்தில் பழைய ஓடோ கல்லோ தென்பட்டால், அதை எடுத்துவராமல், இடத்தின் பெயரையும் நாளையும் எழுதி, நம் வரலாற்றுப் பேராசிரியர்களிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவிப்போம். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் மண்ணுக்குச் செய்ததை, இம்மண்ணில் பிறந்த நாம் செய்யாதிருக்கலாமா?

அடுத்த முறை ஏற்காடு செல்லும்போது, அந்த ஆலயத்தின் முன் ஒரு நிமிடம் நின்று வருவோம்.