மலைவழி கண்ட சல்லிவன்

கொங்கு நாட்டுச் சமவெளியில் அவிநாசி, திருப்பூர் முதலிய ஊர்களில் நின்று, வானம் தெளிந்த காலைப்பொழுதில் வடமேற்கே நோக்குவோர்க்கு, அடிவானத்தில் நீலக்கோடு இழுத்தாற்போல ஒரு மலைத்தொடர் தோன்றும். அதுவே நீலகிரி. இன்று திருப்பூரில் விடியற்காலையில் புறப்படுவோர், அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக நண்பகலுக்கு முன்பே உதகையை அடைகின்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, அம்மலைக்கு வண்டி செல்லும் வழியே இல்லை. அடிவாரக் காடும், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும், செங்குத்தான பாறைகளும் சமவெளி மக்களை அண்டவொட்டாமல் தடுத்து நின்றன. அத்தடையைக் கடந்து சென்று, பிறரும் செல்லுதற்குரிய வழியை அமைத்தவர் ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

சல்லிவன் 1788-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பெனியின் பணியை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். பல பதவிகளை வகித்த பின்னர், 1815-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சித்தலைவர் ஆனார். அக்காலத்துக் கோயம்புத்தூர் மாவட்டம் மிகப் பரந்தது. இன்றைய திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பகுதிகளும் கொள்ளேகாலமும் அதனுள் அடங்கியிருந்தன. நீலகிரியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆயினும், தம் ஆளுகைக்குட்பட்ட அம்மலையைப் பற்றி அதிகாரிகள் அறிந்திருந்தது மிகச் சிறிதே.

மலையின் மீது மக்கள் வாழாமல் இல்லை. தோடரும், கோத்தரும், படகரும், குறும்பரும், இருளரும் தலைமுறை தலைமுறையாக அங்கும் அதன் சரிவுகளிலும் வாழ்ந்து வந்தனர். அவர்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள் பல இருந்தன. ஆதலின் சல்லிவனே நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்பது பொருந்தாது. ஐரோப்பியருள்ளும் அவர் முதல்வர் அல்லர். 1603-ஆம் ஆண்டிலேயே கிறித்தவத் துறவி ஒருவர் மலபாரிலிருந்து மலையேறிச் சென்று மீண்டார். 1812-இல் நிலஅளவையாளர் இருவர் சென்றனர். 1818-இல் சல்லிவனின் உதவியாளர்களாகிய விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் மேலே ஏறினர். புகையிலை கடத்துவோரைத் துரத்திக்கொண்டே அவர்கள் ஏறினர் என்று கூறுவர். மீண்டு வந்த அவர்கள், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கையில் மேலே கடுங்குளிர் நிலவுதலை எடுத்துரைத்தனர். அதனைக் கேட்ட சல்லிவன், அவ்விடத்தைத் தாமே நேரிற் காணல் வேண்டும் என்று உறுதி பூண்டார்.

எண்ணித் துணிவதே அறிவுடையோர் செயல். வழியில்லாத மலைநாட்டிற்குச் செல்வோர்க்கு இவ்வுண்மை இன்னும் மிகுதியாகப் பொருந்தும். அக்காலத்தில் அத்தகைய பயணத்தை மேற்கொள்வோர் எண்ணிப் பார்க்கவேண்டியவை பல. முதலாவது பருவம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். ஓடைகள் பெருகிப் பாறைகளில் பாசி வழுக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மழை ஓய்ந்து, ஓடைகளில் குடிநீர் எஞ்சியிருக்கும் மார்கழி, தை மாதங்களே ஏறுதற்கு ஏற்றவை. இரண்டாவது சுமை. மாட்டு வண்டிகள் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் அரிசியும், உப்பும், கூடாரத் துணியும், கயிறும், கோடரியும் ஆளின் தலையிலும் விலங்கின் முதுகிலுமே செல்லவேண்டும். ஆகையால் ஒவ்வொரு பொருளையும் இன்றியமையாததா என்று ஆய்ந்தே எடுத்துச் செல்லவேண்டும்.

மூன்றாவதும் கொடியதும் ஆகியது காய்ச்சல். அடிவாரக் காட்டில் ஓரிரவு தங்கினாலும் நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல் பற்றும். பலர் அதனால் மாண்டனர். காட்டின் நச்சுக்காற்றே அதற்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பினர். கொசுவே மலேரியாவைப் பரப்புகின்றது என்னும் உண்மைக்குரிய சான்றை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் செகந்திராபாத்தில் கண்டது 1897-ஆம் ஆண்டிலேதான். காரணம் அறியாவிடினும் பட்டறிவு அவர்களுக்கு வழிகாட்டிற்று. அடிவாரக் காட்டைப் பகற்பொழுதிலேயே கடந்து, உயர்ந்த இடத்தில் இரவு தங்குதல் வேண்டும் என்பது பயணிகள் கைக்கொண்ட விதியாகும்.

1819-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் தொடக்கத்தில் சல்லிவன் புறப்பட்டார். ஐரோப்பியர் சிலரும் இந்தியச் சிப்பாய்களும் உடன் சென்றனர். பவானி ஆற்றங்கரையிலுள்ள சிறுமுகைப் பக்கத்திலிருந்து மலைச்சரிவு தொடங்குகின்றது. அங்கிருந்து கோத்தகிரிப் பகுதி ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. புதர் மண்டிய காடு, யானைகள் நடமாடும் பள்ளத்தாக்கு, கால் வழுவினால் மீளமுடியாத பாறை விளிம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கடந்தனர். உடன் சென்றோருள் சிலர் உயிரிழந்தனர். அவர்களின் பெயர்கள் வரலாற்றில் விளங்கவில்லை. ஆறு நாள் அரும்பாடுபட்ட பின்னர், எஞ்சியோர் கோத்தகிரிக்கு வடக்கேயுள்ள திம்பட்டிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். பசும்புல் போர்த்த குன்றுகளும், இடையிடையே சோலைகளும், தெளிந்த நீரோடைகளும், படகர்தம் வயல்களும் அவர்கள் கண்களுக்கு விருந்தாயின.

கண்டு மகிழ்ந்து மீள்வதோடு சல்லிவன் அமைதி அடையவில்லை. தாம் பட்ட பாடு பின்வருவோர்க்கு வேண்டா என்று எண்ணினார். அவ்வாண்டு மே திங்களிலேயே மீண்டும் மலையேறித் திம்பட்டிக்கருகில் இல்லம் ஒன்று எழுப்பலானார். சிறுமுகையிலிருந்து மலைமீது பாதை அமைக்கும் வேலையும் தொடங்கிற்று. பாறைகளை உடைத்தும் மரங்களை வீழ்த்தியும் தொழிலாளர் நான்கு ஆண்டுகள் உழைத்தனர். 1823-ஆம் ஆண்டு அப்பாதை முடிவுற்றது. இதற்கிடையில், 1822-இல் உதகையில் கல்லால் ஆகிய வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்று அழைத்தனர். அக்கட்டடம் இன்றும் உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. உதகை ஏரியும் அவர் முயற்சியால் 1823 முதல் 1825 வரை உருவாயிற்று. உருளைக்கிழங்கு முதலிய குளிர்நாட்டுப் பயிர்களையும் பழமரங்களையும் அங்கு வளர்க்க அவர் ஊக்கமளித்தார். 1826-இல் ஆளுநர் தாமஸ் மன்றோவும் அம்மலையைக் கண்டு சென்றார்.

வழி திறந்தவுடன் வருவோர் பெருகினர். அப்பொழுதே ஒரு பெருஞ்சிக்கலும் எழுந்தது. இம்மலை யாருக்கு உரியது என்பதே அச்சிக்கல். தோடர்கள் நிலத்தை உழுபவர் அல்லர், எருமை மேய்ப்பவர். உழப்படாத நிலம் உரிமையற்ற நிலம் என்று அதிகாரிகள் பலர் கருதினர். சல்லிவன் அக்கருத்தை ஏற்கவில்லை. மேய்ச்சல் நிலமும் தோடரின் உடைமையே என்றும், அதனைக் கொள்வோர் அவர்க்கு உரிய ஈடு தருதல் வேண்டும் என்றும் வாதிட்டார். அவரிடத்தும் குறை இல்லாமல் இல்லை. ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்னும் குறைந்த விலைக்கே அவர் தோடரிடமிருந்து நிலம் பெற்றார். எனினும், விலையே தராமல் கொள்ள நினைத்தோர் நடுவே, உரிமை அவர்களுடையது என்று உரைத்தமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும். பின்வந்த ஆளுநரோடு அவருக்குக் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. 1830-இல் மலையின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. சல்லிவனும் அவ்வாண்டோடு கோயம்புத்தூர்ப் பதவியை விட்டு நீங்கினார்.

பின்னர் அவர் சென்னையில் வருவாய் வாரியத்தில் உயர்பதவி வகித்தார். 1838-ஆம் ஆண்டு அவர்தம் மனைவி ஹென்றியெட்டாவும் மகள் ஹேரியட்டும் இறந்தனர். இருவரும் உதகையிலுள்ள தூய ஸ்தேவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். தாம் வழி கண்ட மலையிலேயே தம் அன்பிற்குரியாரை விட்டுவிட்டு, 1841-இல் அவர் தாயகம் திரும்பினார். அங்கும் இந்நாட்டை அவர் மறந்தாரல்லர். இந்நாட்டுச் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுகின்றது என்றும், ஆட்சிப் பணிகளில் இந்தியர்க்கு உரிய இடம் அளித்தல் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். 1855-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இன்று நீலகிரிக்குச் செல்வோர் எண்ணற்றோர். உந்துவண்டிகள் மலிந்துவிட்டமையால், பாதை விட்டு விலகிக் காட்டிற்குள் வண்டி செலுத்தவும், கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கவும் சிலர் விழைகின்றனர். வண்டிச் சக்கரம் ஒருமுறை கீறிய புல்வெளியில், அடுத்த மழை ஓடையாகி மண்ணை அரிக்கும். எறிந்த குப்பை யானையின் வயிற்றிற்குள்ளும் செல்லும். பயணத்திற்குப் பருவமும் உணவும் சுமையும் எண்ணிப் பார்த்தல் அறிவு. செல்லும் இடத்தில் வாழ்வோரின் உரிமையையும், அவ்விடத்தின் நலத்தையும் சேர்த்து எண்ணுதல் பண்பு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த பயணமே பயனுள்ள பயணமாகும் என்பதைச் சல்லிவன் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.