ரானடேயின் இல்லம்

மஹாதேவ கோவிந்த ரானடேயின் பெயரைக் கேட்டதும் அவருடைய பொருளாதார நூலறிவும், காங்கிரஸ் மஹாசபைக்கு அவர் பின்னின்று செய்த தொண்டும், 1893ல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஏறிய நீதிபதி ஸ்தானமுமே நமக்கு ஞாபகத்திற்கு வருகின்றன. அவருடைய வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே செல்பவர் சிலரே. இன்று நாம் அங்கே செல்வோம்.

அவர் 1842ல் நாசிக் ஜில்லாவிலுள்ள நிபாடில் பிறந்தவர். விதவா விவாஹம் செல்லும் என்று 1856ம் வருஷத்துச் சட்டம் கூறிற்று. சட்டம் கூறியதை ஜனங்கள் ஏற்குமாறு செய்ய விஷ்ணு சாஸ்திரி பண்டிதர் முதலியோர் பம்பாயில் முயன்றபோது, வாலிபரான ரானடே அவர்களோடு முன்னின்றார். 1873ல் அவருடைய மனைவி காலமானார். அப்போது அவருக்கு வயது 31. இனி ஒரு விதவையையே அவர் மணந்துகொள்வார் என்று சிநேகிதர்கள் எதிர்பார்த்தார்கள். தகப்பனார் கோவிந்தராவும் அதையே எதிர்பார்த்துத்தான் நடுங்கினார். துக்கம் ஆறுமுன் 11 வயதுப் பெண் ஒருத்தியைத் தேடி நிச்சயம் செய்துவிட்டார். மறுமணமே வேண்டாம் என்று மகன் மன்றாடினார். சிறிது காலமாவது பொறுக்கும்படி கேட்டார். தகப்பனார் அசையவில்லை, உறவையே அறுத்துக்கொள்வதாகச் சொன்னார். ரானடே பணிந்தார். அவ்வருஷம் டிஸம்பரில் விவாஹம் நடந்தது.

பகைவர் நகைத்தனர், நண்பர் தலைகுனிந்தனர். ரானடே செய்தது சரியென்று வாதிக்க நாம் வரவில்லை. அது தவறுதான். ஆனால் பெரிய சம்பளம் பெறும் ஸர்க்கார் உத்தியோகஸ்தர், கோர்ட்டில் யார் முகத்தையும் பாராமல் தீர்ப்புச் சொல்பவர், தகப்பனார் முன்னிலையில் வாய் திறக்க இயலாத பிள்ளையாக நின்றார். விதவைக்கு உரிமை தர ஒரு சட்டம் போதும். தந்தைக்கு மறுமொழி சொல்லும் தைரியத்தை எந்தச் சட்டத்தின் எந்த ஷரத்து தரும்?

அந்தப் பெண்தான் ரமாபாய். எழுத்தறியாது வந்த அவருக்கு ரானடே தாமே மராத்தி கற்பித்தார்; பின்பு இங்கிலீஷும் கற்பித்தார். இதை வீட்டு ஸ்திரீகள் பொறுக்கவில்லை. ஏச்சும் பேச்சும், சமையற்கட்டில் ஒதுக்கலும் அந்தச் சிறுமிக்கு நித்திய அனுபவமாயின. அவரை மிகவும் கடிந்துகொண்டவர்களில் ரானடேயின் உடன்பிறந்தாளான துர்க்கையும் ஒருவர். அவரோ இளமையிலேயே கணவனை இழந்தவர்! எந்த ஆசாரம் தம் வாழ்வைப் பறித்ததோ அதற்கே அவர் காவல் நின்றார். வேறென்ன அவருக்கு மிஞ்சியிருந்தது என்று யோசித்தால் கோபம் வருவதில்லை. ரானடேயோ இரு தரத்தாரையும் கடிந்து பேசாமல், பாடத்தை மட்டும் நிறுத்தாமல் நடத்தி வந்தார்.

1887ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, அவர் முயற்சியால் ஸமூக மகாநாடும் முதன்முறையாக அங்கே கூடிற்று. மூன்று வருஷங்களுக்குப் பின் வேறொரு சோதனை வந்தது. 1890ல் புனாவில் பாதிரிமார் அளித்த தேநீரை அவரும் திலகரும் மற்றும் பலரும் ஏற்றனர். பெயர்கள் பத்திரிகையில் வெளியாயின. விஷயம் சங்கராசாரியர் வரை சென்றது. ஒரு கோப்பைத் தேநீருக்காக வீடுகளில் சிராத்தம் செய்விக்கப் புரோகிதர் கிடைக்கவில்லை; கட்டிக் கொடுத்த பெண்கள் பிறந்தகம் வர அஞ்சினர். தமக்கென்றால் ரானடே தாங்கியிருப்பார். நண்பர் குடும்பங்கள் படும் துன்பத்தைக் காணச் சகியாமல் 1892ல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீர்திருத்தக்காரர்கள் அவரை மறுபடியும் தூற்றினர். முதல் முறை பணிந்ததற்கும் இதற்கும் பேதம் உண்டென்பது நம் அபிப்பிராயம். முன்னதில் நஷ்டம் வேறொரு சிறுமிக்கு, பின்னதில் நஷ்டம் அவருடைய கீர்த்திக்கு மட்டுமே.

1901 ஜனவரியில் ரானடே மறைந்தார். ரமாபாய் விதவையானார். ஆயினும் துர்க்கையைப் போல அவர் மூலையில் ஒடுங்கவில்லை. 1909ல் புனாவில் ஸேவாஸதனம் அவர் தலைமையில் தொடங்கிற்று. எழுத்தறியாது அந்த வீட்டில் புகுந்தவர் 1910ல் தம் கணவரோடு வாழ்ந்த வாழ்க்கையை மராத்தியில் நூலாக எழுதி வெளியிட்டார். 1924ல் காலமாகும் வரையில், விதவைகளும் மற்றப் பெண்களும் அந்த ஸதனத்திற்கு வந்து படித்தும் தொழில் கற்றும் சென்றுகொண்டிருந்தார்கள்.