கொன்றாட் வைசரின் குலமுறை

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆராயப் புகுந்தால் அழுக்கு வெளிப்படும் என்ற அச்சமே அதன் உட்பொருள் என்று பலர் கொள்வர். என் அனுபவம் வேறு. ஒரு மனிதரின் மூலத்தைத் தேடப் புகுந்த எனக்கு அகப்பட்டது அவருடைய அழுக்கன்று, என்னுடைய சோம்பலே.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமத்து வாசிகசாலையின் ஆண்டு விழாவிலே, கொன்றாட் வைசரைப் பற்றிப் பேசினேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வரலாற்றை எழுதுவோர் எவரும் விட்டுச் செல்ல முடியாத பெயர் அது. ஜேர்மனியிலிருந்து ஏதிலியாய் வந்த சிறுவன், மோகாக் என்னும் பழங்குடியினரின் மொழியைக் கற்றுத் தேர்ந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெள்ளையருக்கும் பழங்குடியினருக்கும் இடையே துபாஷியாயும் தூதராயும் நின்ற கதையைச் சொன்னேன். அவர் மனைவி அன்னா ஈவா ஒரு மோகாக் பெண் என்றும், அம்மொழியின் நுட்பங்களை அவர் இல்லறத்திலே கற்றார் என்றும் சுவைபட உரைத்தேன். எங்கோ படித்த செய்தி, கேட்டவர்கள் மகிழ்ந்தனர்.

கூட்டம் கலைந்தபின், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னருகே வந்து, அந்தப் பெண்ணின் தந்தை பெயர் யாது என்று மெல்லக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டுச் சென்றார். தந்தையின் பெயரே தெரியாத நான், அவள் குலத்தை மட்டும் எவ்வாறு அறிந்தேன்? அவர் கேளாது விட்ட அந்தக் கேள்வியே என்னை உறுத்திற்று. இக்கட்டுரை அவருக்கு நான் கடன்பட்டிருக்கும் விடை.

வைசர் தம் பிள்ளைகளுக்கென்று ஜேர்மன் மொழியிலே ஒரு குடும்பக் குறிப்பைத் தம் கைப்பட எழுதி வைத்தார். 1696 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், வூர்ட்டெம்பேர்க் நாட்டில், ஹெரன்பேர்க் வட்டத்து அவ்ஸ்டெற் என்னும் சிற்றூரிலே தாம் பிறந்ததாகவும், அயலூராகிய குப்பிங்கனிலே ஞானஸ்நானம் பெற்றதாகவும் அதிற் கூறுகிறார். அதே குறிப்பில், முன்னோர் தலைமுறை தலைமுறையாய்ப் பிறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் பக்னாங் வட்டத்துக் குறோஸ் அஸ்பாக் என்னும் ஊரிலே என்றும், அவர்கள் அவ்வூரின் தலைமைப் பதவி வகித்தவர்கள் என்றும் காண்கிறோம். வமிசாவளி எழுதுவோர் வழுக்கி விழுவதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. குலத்தின் ஊரைப் பிள்ளையின் ஊராக எழுதிவிடுவது எளிது. இரண்டும் வேறானதற்குக் காரணம் தந்தையின் தொழில். அவர் குதிரைப்படையிலே ஒரு கோப்ரல். படைவீரனின் பிள்ளை, குலம் வேரூன்றிய ஊரிலே பிறப்பதில்லை. படை தங்கிய ஊரிலே பிறக்கிறது.

ஊர் தீர்ந்தது, நாள் தீரவில்லை. ஜேர்மனியின் புரட்டஸ்தாந்து நாடுகள் 1700 ஆம் ஆண்டிலே பழைய யூலிய நாட்காட்டியைக் கைவிட்டன. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை அதனையே பற்றிக்கொண்டிருந்தன. ஆகவே வைசர் பிறந்த நாள் பழைய கணக்கின்படி நவம்பர் 2. புதிய கணக்கின்படி நவம்பர் 12. மேலும், 1709 இல் ஜேர்மனியிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ஒவ்வொரு குடும்பமும், கரையில் இறங்கிய அன்றே பதினொரு நாள் பின்னே சென்றது. போதாக்குறைக்கு ஆங்கிலேயரின் சட்ட ஆண்டு மார்ச் 25 ஆம் நாளிலே தொடங்கிற்று. இதை அறியாதவர் இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்த்து, ஒன்று பொய் என்று தீர்ப்பளிப்பர். உண்மையில் இரண்டும் மெய்யே, கணக்குத்தான் வேறு.

அந்த 1709 ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கொடிய ஆண்டு. முந்திய குளிர்காலம் திராட்சைக் கொடிகளையும் கனிமரங்களையும் கருக்கிவிட்டது. போரும் வரியும் ஏற்கெனவே மக்களை வாட்டியிருந்தன. மே மாதத்திலே கொன்றாட்டின் தாய் அன்னா மக்தலேனா இறந்தாள். மணமாகிக் குடும்பமாயிருந்த மூத்த மகளை ஊரிலே விட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு தந்தை புறப்பட்டார். அவ்வாண்டு இவ்வாறு இலண்டனை அடைந்த ஏதிலிகள் ஏறக்குறைய 13,000 பேர். ரைன் நதிக்கரையிலுள்ள பலற்றினேற் நாட்டவர் அவர்களுள் மிகுதியாயிருந்தமையால், ஆங்கிலேயர் எல்லாரையும் பலற்றைன்கள் என்றே அழைத்தனர். வூர்ட்டெம்பேர்க்கைச் சேர்ந்த வைசர் குடும்பமும் அப்பெயரின் கீழ் அடங்கிற்று. ஏதிலிக்கு அவன் ஊரைக்கூடப் பிறரே தீர்மானிக்கின்றனர்.

அவர்களுள் ஏறக்குறைய 3,000 பேரைக் கப்பலேற்றி, 1710 இல் நியூயோர்க்குக்கு அனுப்பினர். பயணத்திலும் கரையிறங்கிய சிறிது காலத்திலும் பல நூறு பேர் மாண்டனர். ஹட்சன் ஆற்றங்கரையிலே பைன் மரங்களிலிருந்து கப்பற் படைக்குத் தார் எடுப்பது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. வைசரின் தம்பியர் இருவரை ஆளுநர் வேறு குடும்பங்களிடம் ஒப்படைத்தார். தந்தைக்கு அதனை ஏற்பதன்றி வேறு வழியிருக்கவில்லை. இவ்வாறு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் கடலுக்கு இப்பாலும் அப்பாலுமாய்ச் சிதறினர். ஆளுநர் ஹன்ரர் இம்மக்களுக்கு உணவு வழங்கிய கணக்கேடுகள் இன்றும் உள்ளன. குடும்பத் தலைவன் பெயர், பத்து வயதுக்கு மேற்பட்டோர் தொகை, கீழ்ப்பட்டோர் தொகை, இவ்வளவே அவற்றில் உண்டு. கைம்பெண்ணாய்த் தானே குடும்பத்துக்குத் தலைமை தாங்கினாலன்றி ஒரு பெண்ணின் பெயர் அங்கே இடம்பெறுவது அரிது. சிறுமியர் வெறும் எண்களே.

தார்த் தொழில் 1712 இல் சரிந்தது. உணவு வழங்குவது நின்றது. ஸ்கோகரிப் பள்ளத்தாக்கிலே குடியேற எண்ணிய தந்தை, மோகாக் தலைவன் ஒருவனின் அழைப்பை ஏற்று, மகனை அவர்களிடம் மொழி கற்க அனுப்பினார். பதினாறு வயதுச் சிறுவன் அந்தக் குளிர்காலத்தை அவர்கள் குடிசையிலே கழித்தான். உடுக்கப் போதிய உடையில்லை; உண்ணப் போதிய உணவில்லை. பஞ்சம் அவனுக்கு மட்டுமன்று, அவனை ஏற்றவர்களுக்குந்தான். குடிவெறியிலே சிலர் கொல்ல வந்தபோது ஒளிந்து உயிர் பிழைத்ததும் உண்டு. 1713 ஆம் ஆண்டு யூலையிலே, ஏறத்தாழ எட்டு மாதங்களின் பின், அவன் தந்தையிடம் திரும்பினான். பின்னரும் மோகாக் மக்கள் அயலிலே வாழ்ந்தமையால் மொழி அவன் நாவிலே நிலைத்தது.

இனி அன்னா ஈவாவின் கதைக்கு வருகிறேன். தந்தை 1718 இல் குடியேறிகளின் குறைகளை எடுத்துரைக்க இலண்டன் சென்று, வழியிற் கடற்கொள்ளையரிடம் பொருளிழந்து, அங்கே கடனுக்காகச் சிறையும் புகுந்து, 1723 இலேதான் திரும்பினார். அவர் இல்லாத காலத்திலே, 1720 நவம்பர் 22 ஆம் நாள், ஸ்கோகரியிலுள்ள தந்தையின் வீட்டிலே தம் அன்னா ஈவாவை மணந்ததாக வைசர் எழுதுகிறார். மணம் நடத்திய குருவின் பெயரைச் சொல்கிறார். மணப்பெண்ணின் தந்தை பெயரைச் சொல்லவில்லை. எழுதியது தம் பிள்ளைகளுக்கு. தாயின் தந்தை யார் என்பதைப் பிள்ளைகளுக்கு எவர் எழுதி வைப்பார்?

அந்தச் சிறு மௌனத்திலேதான் கதை முளைத்தது. மோகாக் மொழி பேசியவர். அக்குலத்தார் தம்முள் ஒருவராக ஏற்று, வானத்தைத் தாங்குபவன் என்று பொருள்படும் தராக்கியவாகன் என்ற பெயரைச் சூட்டினர். மனைவிக்கோ குலப்பெயர் இல்லை. இம்மூன்றையும் கூட்டியவர்கள் அவளை மோகாக் பெண்ணாக்கிவிட்டனர். நானும் அவ்வாறே கூட்டியவன்.

ஆனால் சான்று ஒன்று இருந்தது. அது இருந்த இடந்தான் எனக்கு வியப்பளித்தது. வைசரின் மகள் அன்னா மரியாவை 1745 இல் மணந்தவர் ஹென்றி மெல்கியோர் மியூலன்பேர்க் என்ற லூதரன் குரு. அவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது ஜேர்மனியின் ஹாலே நகரத்து நிலையம். நம் தமிழுலகம் நன்கறிந்த சீகன்பால்கு ஐயரின் தரங்கம்பாடிப் பணியை வளர்த்த அதே நிலையந்தான் அது. மியூலன்பேர்க்கையும் இந்தியாவுக்கு அனுப்பும் எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற அறிக்கைகளைப் போலவே பென்சில்வேனியாவிலிருந்து சென்ற அறிக்கைகளும் ஹாலேயில் அச்சேறின. அவற்றிலே தம் மாமனாரைப் பற்றி எழுதிய மியூலன்பேர்க், அவர் 1720 இல் மணந்த பெண் சுவிசேஷ சபைப் பெற்றோருக்குப் பிறந்த ஜேர்மன் கிறித்தவப் பெண் என்று தெளிவாகக் குறித்துள்ளார். சொந்த மாமியாரைப் பற்றி மருமகன் எழுதிய சாட்சி அது. பிற்கால ஆய்வாளர் அவளை, 1710 இல் வந்த அதே ஏதிலிகளுள் ஒருவராகிய பீற்றர் பெக் என்பவரின் மகள் என்று கொண்டனர். அப்பெயரின் ஈற்றொலியை ஓர் எழுத்தர் வலித்தும் மற்றொருவர் மெலித்தும் எழுதியமையால், ஆவணங்களிலே ஒரே குடும்பம் இரண்டு மூன்று குடும்பங்களாய்த் தோன்றும். தமிழில் எழுதினால் இத்தொல்லை இல்லை. இரண்டொலிக்கும் நமக்கு ஒரே எழுத்துத்தான்.

ஆகவே ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் விடை கிடைத்தபின்னரே, நான் இழைத்த பிழையின் அளவு விளங்கிற்று. மொழியும் அன்பும் இரத்த உறவாலே வருவன என்று எண்ணியதால் அன்றோ அக்கதை எனக்கு இனித்தது? மனைவியை மோகாக் பெண்ணாக்கியபோது, அந்தப் பஞ்சக் குளிர்காலத்திலே தம் அரைவயிற்று உணவை அயலான் பிள்ளையோடு பகிர்ந்த மக்களின் ஈகையை நான் மறைத்துவிட்டேன். வைசரின் நாவிலே மோகாக் மொழியை வைத்தவர்கள் அவர்களே. அவர்களுக்கும் அவருக்கும் உறவுமுறை எதுவும் இருக்கவில்லை.

அந்த ஈகைக்கு அவர் செய்த கைம்மாறு கலப்பற்றதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1729 இல் மனைவி மக்களோடு பென்சில்வேனியாவின் துல்பகோக்கனுக்குக் குடிபெயர்ந்த வைசர், 1731 முதல் சிக்கலமி என்ற பழங்குடித் தலைவரின் தோழராய், அரசின் துபாஷியாய்ப் பணியாற்றினார். மோகாக் குலத்தாரை உள்ளிட்ட இரோக்குவா கூட்டமைப்போடு நட்பை வளர்த்தார். 1736 ஆம், 1744 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளிலே அவர் பங்கு பெரிது. அந்நட்பின் விலையைக் கொடுத்தவர்கள் தெலவெயர் மக்கள். 1742 இல் பிலடெல்பியாவிலே இரோக்குவாப் பேச்சாளர் கனசதேகோ, அவர்களைத் தம் நிலத்தைவிட்டு அகலுமாறு கடிந்து கட்டளையிட்டபோது, அச்சொற்களை மொழிபெயர்த்தவர் வைசர். 1755 இல் அம்மக்களின் சினம் எல்லைப்புற ஊர்கள்மேற் பாய்ந்தது, துல்பகோக்கனும் தப்பவில்லை. சமாதானத் தூதர் முதுமையிலே படைத்தலைவராக நேர்ந்தது.

தந்தை வைசர் 1746 இல் பேரப்பிள்ளைகளைக் காணவென்று நெடும்பயணம் செய்து மகன் வீட்டை அடைந்து, அங்கேயே கண்மூடினார். மகன் 1760 யூலை 13 ஆம் நாள் இறந்து, தம் தோட்டத்திலேயே அடக்கமானார். அன்னா மரியாவுக்குப் பிறந்த பேரர்களுள் பீற்றர் மியூலன்பேர்க் அமெரிக்க விடுதலைப் போரிலே தளபதியானார். பிரெடெரிக் 1789 இல் ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதற் சபாநாயகரானார். ஹென்றி தாவரவியலிலே புகழ்பெற்றார். இவர்கள் எல்லாருடைய பாட்டியும், உணவுக் கணக்கேடுகளிலே பெயரின்றி எண்ணாய் மட்டும் நின்ற சிறுமியருள் ஒருத்தி.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு அந்தத் தலைமையாசிரியரைத் தேடிச் சென்றேன். அவர் காலமாகிவிட்டார் என்று வீட்டார் கூறினர். ஆதலால் அன்று அவருக்குச் சொல்லவேண்டியதை இங்கே வாசகருக்குச் சொல்கிறேன். அன்னா ஈவாவின் தந்தை பெயர் பெக். அவர் மோகாக் குலத்தவர் அல்லர். நான் அன்று சொன்னது பிழை.